பழைய பாட்டு, புதிய தட்டு

பீட்டில்ஸ் குழு 1967இல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ ஆல்பம் இன்றும் புதிய கறுப்புத் தட்டாக அச்சாகிக் கடைக்கு வருகிறது. குழுவின் நால்வரில் இருவர் மறைந்துவிட்டார்கள். லண்டன் அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான மூலநாடாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. தட்டு மட்டும் புத்தம் புதியது. இதைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவருக்கும் இரண்டு சந்தேகங்கள் வரும். குடிநீர்க் குழாய் செய்யும் பிளாஸ்டிக்குக்குள் பியானோவும் தபலாவும் எப்படிப் போய் உட்கார்ந்தன? இப்போது அச்சான தட்டில் கேட்பது அன்றைய ஒலிதானா, வேறொன்றா?

முதல் கேள்விக்கு விடை தேட வடசென்னையின் மணலியிலிருந்தே புறப்படலாம்.

உப்பும் எண்ணெயும்

வினைல் தட்டின் மூலப்பொருள் பிவிசி குடும்பத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக். அதற்கு இரண்டு தாய்ப்பொருள்கள் உண்டு. ஒன்று குளோரின், அது சாப்பாட்டு உப்பிலிருந்து வருகிறது. மற்றொன்று எத்திலீன் என்ற வாயு. பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தோ இயற்கை வாயுவிலிருந்தோ கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வினைல் குளோரைடு என்ற வாயு உண்டாகும். அந்த வாயுவின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன் கையை ஒன்று பற்றி நீண்ட சங்கிலியாகும்போது வெண்ணிறத் தூள் கிடைக்கிறது. இப்படிச் சங்கிலியாகும் பொருளைப் பல்லுறுப்பி என்பார்கள். ஆலைகளில் பாலிமர் என்பதே வழக்கு.

மணலியில் பிவிசி செய்வதில்லை. ஆனால் அதன் வேதியியல் அங்கே கண்ணெதிரே நடக்கிறது. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 1965இல் தொடங்கப்பட்டு இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனாக இருக்கும் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை, 1969இல் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கத் தொடங்கியது. அதைச் சுற்றி உரம், டயர் நூல், சலவைத்தூள் மூலப்பொருள் என்று ஆலைகள் வரிசையாக முளைத்தன. தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனத்தின் பிரிவொன்று உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்துகிறது. ஒரு மின்முனையில் குளோரின் குமிழியிடும், மறுமுனையில் ஹைட்ரஜன். கரைசலில் மிஞ்சுவது காஸ்டிக் சோடா. மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் ஆலையில் குளோரினைப் புரொப்பிலீன் வாயுவோடு வினைபுரியவைத்து, மெத்தை நுரைக்கான மூலப்பொருளை எடுக்கிறார்கள். அங்கே புரொப்பிலீனுக்குப் பதில் எத்திலீன் இருந்து, வினையின் பாதையும் சற்று மாறியிருந்தால், கிடைப்பது வினைல்.

தமிழ்நாட்டின் பிவிசி வரலாறு காவிரிக்கரையில் தொடங்குகிறது. கெம்ப்ளாஸ்ட் நிறுவனம் மேட்டூரில் பிவிசி உற்பத்தியைத் தொடங்கியது 1967இல், அதாவது பெப்பர்ஸ் ஆல்பம் வந்த அதே ஆண்டில். அங்கே எத்திலீனுக்கு எண்ணெயை நம்பவில்லை. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஆல்கஹாலைப் பயன்படுத்தினார்கள். கரும்பிலிருந்தும் வினைல் பிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஒரு தட்டுக்கு எவ்வளவு உப்பு செலவாகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். மறுபதிப்புகளில் விரும்பப்படும் கனமான தட்டின் எடை 180 கிராம். தட்டுக்கான வினைல் தனிப் பிவிசி அல்ல. நூறு பங்கில் ஏறத்தாழ 85 பங்கு வினைல் குளோரைடு, மிச்சம் வினைல் அசிட்டேட். பின்னது சேர்வதால் பிளாஸ்டிக் குறைந்த சூட்டிலேயே இளகி, அச்சின் நுண்ணிய மூலைகளுக்குள் ஓடிப் பாய்கிறது. வினைல் குளோரைடின் எடையில் 57 விழுக்காடு குளோரின். ஆகவே 180 கிராம் தட்டில் ஏறக்குறைய 87 கிராம் குளோரின். அதைத் தர 140 கிராமுக்குச் சற்று மேல் உப்பு வேண்டும். தட்டின் எடையில் ஏறத்தாழப் பாதி கடல் கொடுத்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. தட்டாக உறைந்த பிவிசியால் அதைத் தொடுகிறவருக்குக் கேடில்லை. ஆனால் வினைல் குளோரைடு வாயு புற்றுநோய் உண்டாக்கும். அமெரிக்காவின் லூயிவில் நகரப் பிவிசி ஆலைத் தொழிலாளர்களிடையே அரிய வகைக் கல்லீரல் புற்றுநோய் பரவியிருப்பது 1974இல் வெளியே தெரிந்த பிறகே உலகெங்கும் விதிகள் இறுகின. பாட்டுத் தட்டின் கதையில் அந்தத் தொழிலாளர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

அரக்கிலிருந்து வினைலுக்கு

வினைலுக்கு முந்தைய கிராமபோன் தட்டு அரக்கால் ஆனது. சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளில் அடையும் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினோடு கல்தூளும் கரியும் கலந்து வார்த்தார்கள். பழைய கிராமபோனின் எஃகு முள் நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையோடு அழுத்தும். அந்த எடையைத் தாங்கவே கல்தூள். ஆனால் முள் உரசும்போது கல்தூளின் ஒவ்வொரு மணியும் ஒரு சிறு இரைச்சலாகக் கேட்கும். இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமானால் பள்ளம் அகலமாக வேண்டும், தட்டும் வேகமாகச் சுழல வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். கீர்த்தனையும் விருத்தமும் இந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்க வேண்டியிருந்தது.

வினைலில் கல்தூள் தேவையில்லை. அதன் பரப்பு மிக வழவழப்பானது. இரைச்சல் அடங்கியதும் பள்ளத்தைச் சன்னமாக்க முடிந்தது, சுழற்சியையும் குறைக்க முடிந்தது. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை 1948இல் அறிமுகப்படுத்தியது. எல்பி என்று தமிழர்கள் இன்றும் அழைக்கும் தட்டு அதுதான். ஒரு குழு தன் பாடல்களை ஒரே கோவையாகத் திட்டமிட்டு, ‘ஆல்பம்’ என்ற கலைவடிவத்தை உருவாக்கியதற்குப் பின்னால் இந்தப் பிளாஸ்டிக்கின் வழவழப்பு இருக்கிறது.

இந்தியாவில் இரண்டு காலமும் சில ஆண்டுகள் ஒன்றாகவே ஓடின. கொல்கத்தாவின் டம்டம் ஆலை, அபி ரோடு கூடத்தை வைத்திருந்த அதே ஆங்கில நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாவி கொடுக்கும் கிராமபோன்கள் மின்சாரமில்லாத வீடுகளில் இன்னும் பாடிக்கொண்டிருந்ததால், 1960களின் நடுப்பகுதி வரை பீட்டில்ஸ் பாடல்களையும் 78 சுற்று அரக்குத் தட்டாக டம்டம்மில் அச்சிட்டார்கள். உலகச் சேகரிப்பாளர்கள் இன்று அந்த இந்தியத் தட்டுகளைத் தேடி அலைகிறார்கள்.

430 மீட்டர் பள்ளம்

தட்டின் மேற்பரப்பில் தெரியும் வளையங்கள் தனித்தனி வளையங்கள் அல்ல. வெளிவிளிம்பில் தொடங்கி உள்நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே பள்ளம் அது. இதை இங்கே வரிப்பள்ளம் என்று குறிப்போம். ஒலியின் அதிர்வுக்கு ஏற்ப அதன் சுவர்கள் நெளிகின்றன. வைர முள் அந்த நெளிவைப் பின்பற்றி அசைகிறது. அசைவு மின்சாரமாகி, மின்சாரம் ஒலிபெருக்கியில் ஒலியாகிறது. ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் இரு சுவர்களும் 45 டிகிரி சாய்ந்து, ஒரு சுவர் இடப்பக்க ஒலியையும் மறுசுவர் வலப்பக்க ஒலியையும் சுமக்கும். ஆங்கிலப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931இலேயே இதைக் காப்புரிமை மனுவில் எழுதிவைத்துவிட்டார். ஸ்டீரியோ தட்டு கடைக்கு வர மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது.

பெப்பர்ஸ் ஆல்பத்தின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் மொத்தம் ஏறத்தாழ 667 சுற்று. பள்ளம் தொடங்கும் இடம் மையத்திலிருந்து 14.6 செ.மீ.; முடியும் இடம் சுமார் 6 செ.மீ. இடைப்பட்ட 8.6 செ.மீ. அகலத்துக்குள் 667 சுற்றும் அடங்க வேண்டும். ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் இடம் 0.13 மி.மீ.; இரண்டு தலைமுடியை ஒட்டி வைத்தால் ஏறக்குறைய அவ்வளவு அகலம் வரும். பள்ளத்தைப் பிரித்து நீட்டினால் நீளம் சுமார் 430 மீட்டர். அத்தனையும் முப்பது செ.மீ. விட்டமுள்ள தட்டின் ஒரு பக்கத்தில்.

உள்விளிம்பின் நெருக்கடி

தட்டு ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் எங்கேயும் 1.8 விநாடிதான். ஆனால் வெளிவிளிம்பில் அந்த 1.8 விநாடிக்குள் முள்ளின் அடியில் 92 செ.மீ. பள்ளம் கடந்து போகிறது. உள்விளிம்பில் 38 செ.மீ. மட்டுமே. விநாடிக்கு முறையே 51 செ.மீ., 21 செ.மீ. அதாவது ஒரு விநாடி இசைக்கு வெளியே கிடைக்கும் இடத்தில் பாதிகூட உள்ளே கிடைப்பதில்லை.

இதன் விளைவை அறிய, விநாடிக்கு 10,000 முறை அதிரும் ஒலியை எடுத்துக்கொள்ளலாம். தாளத்தட்டின் மினுமினுப்பும் ‘ச’ ஓசையின் சீறலும் இந்த வட்டாரத்தில்தான் வாழ்கின்றன. வெளிவிளிம்பில் அதன் ஒவ்வொரு நெளிவுக்கும் 51 மைக்ரான் நீளம் கிடைக்கிறது (மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உள்விளிம்பில் 21 மைக்ரான். சாதாரண உருண்டை முள்ளின் நுனி வளைவின் ஆரமே சுமார் 18 மைக்ரான். மேடும் பள்ளமும் சேர்ந்து 21 மைக்ரானுக்குள் முடியும் நெளிவுக்குள் அந்த நுனி முழுமையாக இறங்க முடியாது. மேலோட்டமாகத் தடவிக்கொண்டு போகும். உச்ச ஒலிகள் மங்குவதும் கரகரப்பதும் இதனால்தான். முட்டை வடிவில் பக்கங்கள் சன்னமாகச் சீவப்பட்ட முள் ஓரளவு ஈடுகொடுக்கும்.

பெப்பர்ஸ் ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. அது ஜார்ஜ் ஹாரிசனின் ‘விதின் யூ விதௌட் யூ’ பாடலோடு தொடங்குகிறது: தில்ரூபா, தபலா, தம்பூரா. தம்பூராவின் ஜீவன் அதன் நுண்ணிய மேலொலிகளில் இருக்கிறது. அவை பள்ளத்தின் மிக விசாலமான பகுதியில் அமைந்தது நல்வாய்ப்பு. பக்கத்தின் கடைசிப் பாடல் ‘எ டே இன் தி லைஃப்’. அதன் இறுதியில் பல பியானோக்களை ஒரே நேரத்தில் அடித்து, ஒலி தேயத் தேயப் பதிவின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். முக்கால் நிமிடம் நீளும் அந்தத் தேய்வில் கூடத்துக்குள் நாற்காலி கிரீச்சிடுவதுகூடக் கேட்கும். ஆல்பத்தின் மிக மெல்லிய ஒலி தட்டின் மிக நெருக்கமான பகுதியில் வந்து அமர்கிறது. வினைலின் தரம் என்னவென்று அறிய இந்த முக்கால் நிமிடத்தைவிடக் கடுமையான தேர்வு அரிது. மலிவான அச்சில் அங்கே பியானோவைவிடச் சடசடப்பே கூடுதலாகக் கேட்கும்.

அதற்கும் பிறகு, ஆங்கிலப் பதிப்பில் ஒரு விளையாட்டு உண்டு. விநாடிக்கு 15,000 முறை அதிரும் கூர்மையான ஒலி வரும். வயதானவர் காதுக்கு எட்டாது; நாய்க்குக் கேட்கும். உள்விளிம்பில் அதன் ஒரு நெளிவு வெறும் 14 மைக்ரான். பிறகு முள், தன்னையே சுற்றிவரும் மூடிய வளையம் ஒன்றில் விழும். அதில் குழுவினரின் பிதற்றல் பேச்சு பதிவாகியிருக்கிறது. முள்ளைக் கையால் தூக்கும்வரை 1.8 விநாடிக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப ஒலிக்கும். பள்ளம் என்ற வடிவம் இருந்தால் மட்டுமே சாத்தியமான வேடிக்கை இது. குறுந்தகட்டில் அதைச் சில தடவை ஒலிக்கவிட்டு மெல்ல அடக்கிவிட்டார்கள்.

எந்த நாடாவிலிருந்து?

இரண்டாவது கேள்விக்கு வரலாம். மறுபதிப்பு என்பது பழைய தட்டைப் பார்த்து எடுத்த நகல் இல்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மூலத்திலிருந்து பள்ளத்தைப் புதிதாக வெட்டுகிறார்கள். எந்த மூலம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உறையில் இதைத் தெளிவாக அச்சிடும் நிறுவனங்கள் குறைவு; வாங்குகிறவருக்கு அந்தத் தகவலைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பெப்பர்ஸையே பார்க்கலாம். 2012இல் வந்த ஸ்டீரியோ தட்டு, 2009இல் குறுந்தகட்டுக்காகத் தயாரித்த எண்முறைக் கோப்புகளிலிருந்து வெட்டப்பட்டது. 2014இல் வந்த மோனோ தட்டில் கணினிக்கு வேலையே இல்லை. 1967இன் மோனோ மூலநாடாவை ஓட்டி நேரடியாக வெட்டினார்கள். 1967இல் குழுவினர் நேரம் செலவிட்டு உட்கார்ந்து கலந்தது மோனோ வடிவத்தைத்தான். ஸ்டீரியோ அன்று இரண்டாம்பட்சம். அந்த வகையில் 2014 தட்டே அவர்கள் கேட்ட ஒலிக்கு மிக அருகில் நிற்கிறது.

2017இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு மூன்றாவது வகை. அன்றைய நாடாவில் நான்கு தடங்களே உண்டு. நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து வேறொரு நாடாவின் ஒரு தடத்துக்கு மாற்றி, மீதித் தடங்களில் புதிய கருவிகளைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் நாடாவின் ‘உஸ்’ இரைச்சல் ஒரு படி ஏறும். ஆல்பத்தைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், மாற்றத்துக்கு முந்தைய நாடாக்களைத் தேடி எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றுசேர்த்துப் புதிதாகக் கலந்தார். டிரம்ஸும் பேஸும் 1967இல் எந்தத் தட்டிலும் கேட்காத தெளிவோடு அதில் ஒலிக்கின்றன. ஒலி அன்றையது, கலவை இன்றையது.

வெட்டு, வெள்ளி, நிக்கல்

மூலம் முடிவானதும் அதை வெட்டுக் கடைசலுக்கு அனுப்புகிறார்கள். அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய, கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு அதில் சுழலும். சூடேற்றிய மாணிக்கமோ நீலக்கல்லோ பொருத்திய வெட்டுமுனை ஒலிக்கேற்ப அதிர்ந்துகொண்டே பள்ளத்தைச் சீவுகிறது. சுருளாக எழும் சீவலை ஒரு குழாய் உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கிறது.

வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவார்கள். தாழ்ந்த ஒலியை அப்படியே விட்டால் பள்ளம் அகலமாக நெளிந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் விழும். உச்ச ஒலியைக் கூட்டாவிட்டால் அது வினைலின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். கேட்கும்போது பெருக்கி இதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்கிறது. இதற்கான பொது அளவு 1954இல் வகுக்கப்பட்டது. தட்டுச்சுழலியைச் சாதாரண ஒலிப்பெட்டியில் நேரே செருகினால் பாட்டு தகர ஒலியாகக் கேட்பது, இந்தத் திருத்தம் நடக்காததால்தான்.

வெட்டிய தட்டு மிக மென்மையானது, அச்சுக்கு உதவாது. அதன்மேல் வெள்ளியை மெல்லிய படலமாகத் தெளித்து, மின்முலாம் தொட்டியில் நிக்கலைப் படியவைத்து உரிப்பார்கள். உரித்த நிக்கலில் பள்ளம் இருந்த இடமெல்லாம் மேடு. தொழிலில் இதற்குத் தந்தை என்று பெயர். தந்தையிலிருந்து தாயும், தாயிலிருந்து அச்சுத் தகடுகளும் இதே முறையில் எடுக்கப்படுகின்றன. ஒரு தகட்டிலிருந்து ஆயிரம் தட்டு அச்சிடலாம். அதற்கு மேல் நுண்நெளிவுகள் மழுங்கும்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி மிக மெல்லியது. வெட்டுவதற்கான பூச்சுத் தட்டுகளை உலகில் இரண்டே நிறுவனங்கள் பெருமளவில் செய்துவந்தன. ஒன்று அமெரிக்காவில், மற்றொன்று ஜப்பானில். அமெரிக்க நிறுவனமான அப்போலோவின் கலிஃபோர்னியா ஆலை 2020 பிப்ரவரியில் தீயில் அழிந்தது. ஜப்பானிய நிறுவனம் தொடர்ந்து இயங்கியதால் தொழில் தப்பித்தது; மின்முலாம் முறையில் தாமிரம் பூசிய தகட்டில் நேரடியாக வெட்டும் மாற்றுவழியும் 1980களிலிருந்தே உண்டு.

அரை நிமிட வார்ப்பு

அச்சகத்தில் வினைல் மணிகளை உருக்கி, உள்ளங்கை அளவு உருண்டையாகத் திரட்டி, மேலும் கீழும் காகித முத்திரை வைத்து, இரு அச்சுத் தகடுகளுக்கு நடுவே நூறு டன் அளவுக்கு அழுத்துகிறார்கள். நீராவியால் சூடேற்றிய அச்சில் பிளாஸ்டிக் ஓடிப் பரவுகிறது. உடனே குளிர்நீர் பாய்ச்சி உறையவைக்கிறார்கள். அரை நிமிடத்தில் ஒரு தட்டு. குளிர்விக்கும் நேரத்தை மிச்சம் பிடித்தால் தட்டு வளையும்; சூடு போதாவிட்டால் பள்ளம் முழுதாக நிரம்பாமல் ‘கிர்’ என்று கிழிபடும் ஒலி கேட்கும். கனமான 180 கிராம் தட்டு ஒலியைச் செழிப்பாக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பள்ளத்தின் ஆழம் தட்டின் கனத்தைப் பொறுத்ததல்ல. கனம் கூடினால் தட்டு வளையாமல் நிற்கும், அவ்வளவே. கூடுதல் விலையை நல்ல வெட்டுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

இந்தியாவில் பல்லாண்டுகள் நின்றுபோயிருந்த இந்த வேலை 2024இல் மும்பையில் ஒரு புதிய அச்சகத்தோடு மறுபடி தொடங்கியிருக்கிறது.

மணலிக் காற்றில் ஒரு தட்டு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது மணலியைக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் ஒன்றாக அறிவித்தது. அங்கே அளக்கப்படும் மிதக்கும் துகள்களில் ஒரு வகை, 10 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான அளவுள்ளது. உள்விளிம்பில் 10,000 அதிர்வு ஒலியின் அரை நெளிவும் அதே 10 மைக்ரான்தான். அதாவது துகளும் இசையும் பள்ளத்துக்குள் ஒரே அளவில் இருக்கின்றன. முள்ளால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மக்களின் நுரையீரலுக்குள் போகும் அதே தூசி தட்டில் சடசடப்பாகக் கேட்கிறது. வினைல் உலர்ந்த உரசலில் நிலைமின்னூட்டம் பெற்றுத் தூசியைத் தானே இழுக்கும். எனவே ஒவ்வொரு முறையும் கேட்பதற்கு முன் கரியிழைத் தூரிகையால் துடைப்பதும், அவ்வப்போது காய்ச்சி வடித்த நீரால் கழுவுவதும் அவசியம். குழாய்நீரின் உப்பு காய்ந்து பள்ளத்திலேயே படிந்துவிடும்.

வெப்பம் அடுத்த எதிரி. தட்டு வினைல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துவது நல்லது. அடியில் உள்ள தட்டு மேலே உள்ளவற்றின் எடையில் மெல்ல வளையும். மேலுறை விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மெத்தென்று தெளிவாக இருக்கும் பிவிசி உறையை நெகிழவைக்க ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்த்திருப்பார்கள். நாளடைவில் அது கசிந்து தட்டின் மேல் புகைபோலப் படியும். துடைத்தாலும் முழுதாகப் போகாது. பிவிசித் தட்டுக்குப் பிவிசி உறை ஆகாது. பாலித்தீன் உறையே ஏற்றது.